கொத்துக்கறியின் நீண்ட பயணம்

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியே சிவகாசிக்குச் செல்லும் சாலையில் மாலை வேளைகளில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பட்டாசு ஆலைகளின் வேன்களும் சிற்றுந்துகளும் பெண்களைச் சிற்றூர்களின் முனையில் இறக்கிவிட்டுப் போகும். விரல்களில் பசையும் காகிதத் துகளும் ஒட்டியிருக்க, கையில் காலித் தூக்குவாளியுடன் அவர்கள் வீடு நோக்கி நடப்பார்கள். அந்த நடையில் அவர்கள் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்று இராச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மன்னர்களின் படையெடுப்புகளுக்கு வரலாறு எழுதியோர் பலர். அடுப்படியின் இந்தக் கேள்விக்கு வரலாறு எழுதியோர் சிலரே. ஆயினும் இக்கேள்விக்கு நம் வீடுகள் காலங்காலமாக அளித்துவரும் விடைகளுள் ஒன்றான கொத்துக்கறியை எடுத்துக்கொண்டு அதன் வழியே பின்னோக்கி நடந்தால், பாக்தாத், ஆக்ரா, கோவா, மெக்சிகோ, ரங்கூன், சிங்கப்பூர் ஆகிய ஊர்களெல்லாம் நம் சட்டிக்குள்ளேயே வந்து நிற்பதைக் காணலாம். அதிலும், அண்மைக் காலத்தில் தென் மாவட்டங்களில் வளர்க்கப்படும் வான்கோழியின் இறைச்சியைக் கொத்தி, தேங்காய்ப்பால் விட்டு, தம்மில் வைத்து இறக்கும் உணவை எடுத்துக்கொண்டால் அந்தப் பயணம் இன்னும் நீளமானது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். இது வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விளைந்த நிலம். மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும். 1870களில் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த இருப்புப்பாதை விருதுபட்டியை வணிகத்தலமாக உயர்த்தியது. அந்த விருதுபட்டியே 1923இல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. பருப்பும் வற்றலும் எண்ணெயும் அவ்வூரின் அடையாளங்களாயின. விருதுநகர்ச் சந்தை விலையை நாளிதழில் பார்த்துவிட்டுப் பிற ஊர் வணிகர் தம் கடைகளில் விலை கூறிய காலம் உண்டு.

சிவகாசியின் கதை வேறு. 1922இல் அவ்வூரைச் சேர்ந்த பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டிலேயே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றியது. இரண்டாம் உலகப்போரின் போது வெளிநாட்டுப் பட்டாசு வரத்துக் குறைந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் உரிமம் பெறும் முறையை வகுத்தன. அதையொட்டிப் பட்டாசு ஆலைகள் எழுந்தன. மழையில்லாத வறட்சி வேளாண்மையைக் கெடுத்தது. அதே வறட்சி மருந்தும் காகிதமும் ஈரமின்றிக் காய உதவியது. ஒரே வெயில் உழவனை வாட்டி ஆலையை வாழ்வித்தது.

அந்த வாழ்வுக்கு விலையும் இருந்தது. விடியற்காலையில் சிறுவர் சிறுமியரைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிச் சென்ற பேருந்துகளை நாடு மறந்துவிடவில்லை. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் உழைப்பதைக் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் வீதம் முதலாளிகள் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2018இல் பேரியம் கலந்த பட்டாசுகளும் சரவெடியும் தடுக்கப்பட்ட பின்னர், வேலை நாள்களும் பல குடும்பங்களில் நிச்சயமற்றவை ஆயின.

இவற்றை ஏன் இங்கே நினைவுகூர்கிறோம்? செய்த உருப்படிக்குக் கூலி வாங்கும் வீட்டில், கறி வாங்குவது அன்றாடம் நிகழ்வதன்று. வாங்கினாலும் அரைக் கிலோவுக்கு மேல் கை நீளாது. உண்பவரோ ஆறு பேர். அரைக் கிலோ இறைச்சியைத் துண்டாக்கினால் எத்தனை துண்டு தேறும்? தேறிய துண்டு யார் தட்டுக்குப் போகும்? அத்தாவுக்கு இரண்டு, மூத்த மகனுக்கு இரண்டு, சிறியவர்களுக்கு ஒவ்வொன்று. கடைசியில் உட்காரும் தாய்க்கு ஆணமும் எலும்பும். இதை நம்மில் பலர் கண்டு வளர்ந்திருக்கிறோம். கறியைக் கொத்திவிட்டாலோ துண்டு என்ற கணக்கே மறைந்துவிடுகிறது. அகப்பையில் எடுக்கும் ஒவ்வொரு அள்ளிலும் எல்லார்க்கும் ஒரே அளவு கறி. கொத்துக்கறி ஒரு சுவை மட்டுமன்று. அது ஒரு பங்கீட்டு முறை. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

இந்தப் பங்கீட்டு முறை நேற்றுத் தோன்றியதன்று. 1226இல், அதாவது ஹிஜ்ரி 623இல், முஹம்மது பின் ஹஸன் அல்பக்தாதி என்பார் பாக்தாதில் ஒரு சமையல் நூலை எழுதி முடித்தார். கொழுப்பில்லாத இறைச்சியைக் கொத்தி, மசாலை சேர்த்து உருண்டை பிடித்து ஆணத்தில் இடும் முறைகள் அந்நூலில் பலவாறு கூறப்படுகின்றன. அடுத்த நூற்றாண்டில் தில்லிக்கு வந்த பயணி இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக்கின் அரசவை விருந்தில் பரிமாறப்பட்ட சமூசாவைப் பற்றி எழுதுகிறார். கொத்திய இறைச்சியோடு பாதாம், அக்ரூட், பிஸ்தா, வெங்காயம் ஆகியன கூட்டி மெல்லிய மாவில் பொதிந்து நெய்யில் பொரித்தது அது. அக்பர் காலத்து அபுல் ஃபஸல் எழுதிய 'ஆயினே அக்பரி'யில் கீமா புலாவும் கீமா ஷூர்பாவும் அரண்மனை உணவுப் பட்டியலில் இடம் பெறுகின்றன.

சொல்லின் பயணமும் அதே வழிதான். துருக்கி மொழியில் 'கிய்மக்' என்றால் பொடியாக நறுக்குதல். அதிலிருந்து 'கிய்மா', பாரசீகத்திலும் உருதுவிலும் 'கீமா', தமிழில் 'கைமா'. படைவீடுகளிலும் அரண்மனைகளிலும் வழங்கிய சொல் நம் கறிக்கடைப் பலகையில் ஏறிக்கொண்டது. அரண்மனையில் அது பாதாமையும் பிஸ்தாவையும் சுமக்கும் உணவாக இருந்தது. நம் வீட்டுக்கு வந்தபோது உருளைக்கிழங்கையும் கடலைப்பருப்பையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சிறு கறியைப் பெருங் குடும்பத்துக்குப் போதுமானதாக்கியது. செல்வத்தின் உணவு சிக்கனத்தின் உணவான விந்தை இது.

இனிப் பறவையின் கதைக்கு வருவோம். வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் அதனைப் பன்னெடுங்காலமாக வீட்டுப் பறவையாக வளர்த்து வந்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. ஆனால் போன இடமெல்லாம் அதன் ஊரைப் பற்றிக் குழப்பமே நிலவியது. ஆங்கிலேயர் அது துருக்கியிலிருந்து வந்ததென எண்ணித் துருக்கிப் பறவை என்றனர். துருக்கியரோ அதனை 'ஹிந்தி' என்று நம் நாட்டின் பேரால் அழைக்கின்றனர். பிரெஞ்சுக்காரருக்கும் அது இந்தியப் பறவையே. டச்சுக்காரர் கோழிக்கோட்டின் பெயரை அதற்குச் சூட்டினர். எகிப்திய அரபியில் அது ரோமானியச் சேவல். சிரியா, லெபனான் பகுதிகளில் அபிசீனியச் சேவல். மலாய் மொழியில் டச்சுக் கோழி. ஒவ்வொருவரும் அதனை அயலான் வீட்டுப் பறவை என்றனர். அதன் சொந்த மண்ணின் பேரை எவரும் சூட்டவில்லை.

நம் நாட்டில் அதன் வருகைக்கு அழகானதொரு சான்று உண்டு. 1612இல் மாமன்னர் ஜஹாங்கீரின் ஆணைப்படி கோவாவுக்குச் சென்ற முகர்ரப் கான் என்னும் அதிகாரி, போர்ச்சுகீசியரிடமிருந்து அரிய பொருள்கள் பலவற்றை வாங்கி வந்தார். அவற்றுள் ஒன்று வான்கோழிச் சேவல். அதன் தலையும் கழுத்தும் ஒரு நேரம் சிவந்தும் மறுநேரம் வெளுத்தும் பிறகு நீலம் பூத்தும் மாறுவதைக் கண்டு மன்னர் வியந்தார். பச்சோந்தியோடு ஒப்பிட்டுத் தம் வரலாற்றுக் குறிப்பில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல், அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூரைக் கொண்டு அதனை வரையச் செய்தார். அவ்வோவியம் இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாரசீக மொழியில் நிறம் மாறும் பொருளுக்கு வழங்கிய 'பூகலமூன்' என்னும் சொல்லே பின்னாளில் இப்பறவைக்கும் பெயராயிற்று.

தமிழ் அன்பர்கள் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்பக்கூடும். மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயன்ற வான்கோழியை ஔவையாரின் 'மூதுரை' குறிப்பிடுகிறதே, அது எப்படி? நல்ல வினா. அமெரிக்கப் பறவை 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இம்மண்ணில் கால் வைத்திருக்க இயலாது. ஆகவே ஒன்று அப்பாடல் நாம் எண்ணுவதைவிடப் பிற்பட்டதாதல் வேண்டும். அன்றேல் 'வான்கோழி' என்பது முன்பு வேறொரு பறவையின் பெயராக இருந்து, தோகை விரிக்கும் புதிய பறவை வந்தபோது அதன்மேல் ஏறியிருத்தல் வேண்டும். ஒரு பறவையின் பயணக் காலத்தை அறிந்தால் ஒரு பாடலின் காலத்தைப் பற்றியும் சிந்திக்க இடம் கிடைக்கிறது.

அரசவையில் அதிசயமாக நின்ற அந்தப் பறவை இன்று தென்னந்தோப்புகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் மேய்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் வான்கோழி என்னும் இனத்தை உருவாக்கி வளர்ப்போர்க்கு வழிகாட்டி வருகிறது. கீரையும் புல்லும் புழுவும் தின்று வளர்வதால் சிறு வளர்ப்போர்க்கு அது ஏற்ற பறவை. ஆனால் சமைப்பவருக்கு அதில் இரண்டு இடர்கள் உண்டு. நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. சற்றே கூடுதலாக வெந்தால் சக்கையாகிவிடும். கால்கறியிலோ நரம்பு மிகுதி, மெல்ல முடியாது. இவ்விரண்டு இடருக்கும் ஒரே மருந்து, கொத்துவதுதான். நெஞ்சையும் தொடையையும் எலும்பு நீக்கி, நரம்பை உருவிவிட்டு, ஒன்றாகக் கொத்தினால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்யும். முற்றிய சேவல் ஆறேழு கிலோவுக்குக் குறையாது. ஒரு வீட்டுக்கு அது மிகை. ஆகவே நாலு வீட்டார் சேர்ந்து ஒரு பறவையை வாங்கி, முறைப்படி அறுத்துக் கூறு போட்டுக்கொள்வது நன்று. கூறு போடுதல் நம் ஊர்களுக்குப் புதிதன்று.

கொழுப்பில்லாத கறிக்குச் செழுமை சேர்ப்பது எது? மேல்நாட்டார் பாலேட்டையும் பாலாடைக் கட்டியையும் நாடுவர். நம் தாய்மார் தேங்காயை நாடினர். பாலாணம் வைக்கத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதனோடு அரைத்துச் சேர்க்கும் முந்திரியைப் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். கசகசா என்னும் சொல் அரபு, பாரசீக மொழிகளின் 'கஷ்காஷ்' என்பதன் தமிழ் வடிவம். விருதுநகர்ச் சந்தைக்குப் புகழ் சேர்த்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தின் விளைச்சலே. ஆக, வான்கோழியும் மிளகாயும் முந்திரியும் உருளைக்கிழங்கும் ஒரே கண்டத்திலிருந்து கிளம்பி, வெவ்வேறு வழிகளில் உலகைச் சுற்றி, கரிசல் காட்டு வீடு ஒன்றின் சட்டியில் மீண்டும் சந்தித்துக்கொள்கின்றன.

இந்தக் கறிக்குத் துணையாக வரும் கோதுமையின் கதையும் கேட்கத்தக்கது. விருதுநகர் என்றவுடன் பலர் நாவில் ஊறுவது எண்ணெய்ப் பரோட்டா. எண்ணெய் வணிகத்தில் பெயர் பெற்ற ஊரில் பரோட்டா எண்ணெயில் குளித்து எழுவதில் வியப்பில்லை. அவ்வூரில் பரோட்டாவுக்குப் புகழ்பெற்ற கடையொன்று பர்மாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் ஒரு தலைமுறையின் துயரத்தை நினைவூட்டுகிறது. 1942இல் சப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்களும், 1962 இராணுவப் புரட்சிக்குப் பின் கடைகளும் சொத்துகளும் நாட்டுடைமையாக்கப்பட்டதால் வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்களும் நம்மிடையே வாழ்ந்தார்கள். கைப்பொருளை இழந்தவர்கள் கைத்தொழிலை இழக்கவில்லை.

கிழக்கே சென்ற தமிழ் முஸ்லிம்கள் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் மாமக் கடைகளை நடத்தினர். அங்கே 'முர்தபா' பெயர் பெற்றது. மெல்லிய மாவை வீசி விரித்து, நடுவே கொத்துக்கறியும் முட்டையும் வெங்காயமும் வைத்து நாற்புறமும் மடித்துச் சுடுவது அது. மடிக்கப்பட்டது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். மதுரை, விருதுநகர்ப் பக்கத்துக் கடைகளில் கறி லாப்பா என்று கேட்டால் கிடைப்பது அதன் உடன்பிறப்பே. ஈழத்தில் கொத்து ரொட்டி. இங்கே கொத்துப் பரோட்டா. கறியும் கோதுமையும் கொத்துக் கரண்டியும் சேர்ந்தால் ஒரு குடும்பம் பசியாறலாம் என்பதைக் கடலின் இரு கரையும் அறிந்திருந்தன.

ஆயினும் நாள்தோறும் கடைப் பொட்டலத்தை நம்பி ஒரு வீடு வாழ இயலுமா? வேலை முடிந்து களைத்து வரும் தாய் நான்கு பரோட்டாவும் ஒரு பொட்டலம் சால்னாவும் வாங்கி வருவதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பன்னிரண்டு மணி நேரமாக நின்ற கால்களின் நியாயம் அது. ஆனால் சால்னாவில் கறியின் மணம் உண்டே ஒழியக் கறி இல்லை. வளரும் பிள்ளைக்கு அது போதாது. கடையின் விரைவும் வீட்டின் சத்தும் கூடிய ஒரு வழி வேண்டும். அதற்கே இந்தத் தம் கொத்துக்கறி.

செய்முறை எளிது. ஆறு பேருக்கு அரைக் கிலோ வான்கோழிக் கைமா போதும். கொத்திய கறி விரைவில் கெடும். ஆகவே அன்று கொத்தியதை அன்றே சமைத்துவிட வேண்டும். கால் கிலோ வெங்காயத்தைக் கடலை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பச்சை வாடை போனதும் கைமாவைப் போடுக. மரக்கரண்டியால் கட்டியின்றி உதிர்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். செந்நிறம் முற்றும் நீங்கியபின் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், உப்பு இட்டு, அரைமூடித் தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி இருபது நிமிடம் வேகவிடுக. பொடியாய் நறுக்கிய உருளைக்கிழங்கு ஒன்றிரண்டு சேர்த்தால் கறி பெருகும். பதினைந்து முந்திரியும் ஒரு தேக்கரண்டி கசகசாவும் அரைத்த விழுதைக் கலந்து, இறுதியில் தலைப்பாலை ஊற்றித் தீயைத் தணித்துவிடுக. தலைப்பால் கொதித்தால் திரிந்துவிடும்.

பின்னர் அடிகனத்த சட்டியில் எண்ணெய் தடவி, இடியாப்பத்தையோ பிய்த்த பரோட்டாவையோ ஓர் அடுக்குப் பரப்பி, அதன்மேல் கறியை ஓர் அடுக்கு, மீண்டும் அவ்வாறே. மேலே மல்லித்தழை, புதினா. மூடிக்கு மேல் தணலிட்டோ, தணல் இல்லாதவர் தோசைக்கல்லின் மீது சட்டியை வைத்துச் சிறுதீயிலோ, பதினைந்து நிமிடம் தம்மில் விடுக. தம் என்னும் பாரசீகச் சொல்லுக்கு மூச்சு என்பது பொருள். உணவு தன் மூச்சிலேயே வெந்து அடங்குகிறது. பெருநாளில் தம்மடை செய்யும் வீடுகளில் மேலும் கீழும் நெருப்பு வைக்கும் இக்கலை என்றோ உண்டு. மேல்நாட்டார் அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் செய்வதை நம் பாட்டிமார் ஒரு கவிழ்ந்த மூடியாலும் ஒரு கை தணலாலும் செய்துவிட்டனர்.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் இக்கட்டுரை முழுமை பெறாது. இவ்வளவையும் அந்தத் தாயே செய்ய வேண்டுமா? நம் சமுதாயத்தில் திருமண விருந்தின் சட்டிகளைக் கிண்டுவோர் ஆண்களே. நூறு படி அரிசியை அளந்து தம் போடும் பண்டாரிகளை நாம் பெருமையோடு பேசுகிறோம். கறியைக் கத்தியால் கொத்துவதும் பரோட்டா மாவை வீசுவதும் ஆண்களின் கைத்திறன் என்றே ஊர் அறியும். ஊருக்கு முன் இழுக்கல்லாத வேலை வீட்டுக்குள் மட்டும் எப்படி இழுக்காகும்? தாய் வருமுன் அத்தா கறியைக் கொத்தி வைக்கட்டும், மகன் தேங்காய் துருவட்டும், மகள் படித்துக்கொண்டிருக்கட்டும். முக்கால் மணி நேரத்தில் சட்டி இறங்கிவிடும்.

குழம்பில் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைவில் கொள்ள வேண்டும் என்னும் அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அண்டை வீட்டாருக்கு உரிய அந்தப் பங்கு, நம் வீட்டில் கடைசியாக உட்காருபவருக்கு உரியதாகாதா? பாக்தாதின் ஏட்டிலிருந்தும் ஜஹாங்கீரின் அரசவையிலிருந்தும் எத்தனையோ கடல் கடந்து இந்தச் சட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும் கொத்துக்கறி, அடுப்படியில் நிற்கும் அந்தத் தாயின் தட்டை எட்டுவதற்கு இன்னும் நான்கடி தொலைவுதான் இருக்கிறது. அந்த நான்கடியைக் கடப்பிக்க வேண்டியவர்கள் அவ்வீட்டில் உண்பவர்களே.